பிரிண்ட் கியூ வழியாக மெயின்ஃப்ரேமுக்கு ஆவணம் அனுப்புவது எப்படி: ஓர் எளிய விளக்கம்

பிரிண்ட் கியூ என்றாலே மறுமுனையில் ஒரு பிரிண்டர் இருக்கும் என்றுதான் நினைப்போம். இங்கே பேசப்போகும் கியூவின் மறுமுனையில் இருப்பது மெயின்ஃப்ரேம், அதாவது பெரிய நிறுவனங்களின் மையக் கணினி. வேர்டிலோ வேறெதிலோ தயாரித்த ஆவணத்துக்கு பிரிண்ட் கொடுக்கிறோம். அது வழியில் வேறொரு வடிவத்துக்கு மாறி, மெயின்ஃப்ரேமின் ஸ்பூலில் (அச்சு வேலைகள் காத்திருக்கும் இடத்தில்) போய்ச் சேர்கிறது. காகிதத்தில் அச்சாவது அதற்கு அப்புறம்தான். சில ஆவணங்கள் அச்சாகாமல் நேராகக் காப்பகத்துக்குப் போவதும் உண்டு.

பக்கத்திலேயே பிரிண்டர் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்றுவழி? வங்கி, காப்பீடு போன்ற பெரிய நிறுவனங்களில் மொத்த அச்சு வேலையை மெயின்ஃப்ரேம்தான் நடத்துகிறது. வேகமான உருளைக் காகித பிரிண்டர்கள், தாளை மடித்து உறையில் போடும் இயந்திரங்கள், பல வருடக் காப்பகம் எல்லாம் அந்தப் பக்கம். ஓர் அலுவலர் தன் கணினியில் எழுதிய கடிதம், அதே வாடிக்கையாளருக்குப் போகும் கணக்கு அறிக்கையோடு ஒரே உறையில் போக வேண்டும் என்றால், அந்தக் கடிதமும் மெயின்ஃப்ரேமுக்கு வந்தாக வேண்டும். அதற்கு எல்லா மென்பொருளுக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒரே வழி, பிரிண்ட் பொத்தான். அதனால் பிரிண்ட் கியூவையே சரக்குப் பாதையாகப் பயன்படுத்துகிறார்கள்.

கியூ மூன்று வேலை செய்கிறது. ஆவணத்தை வாங்கி வட்டில் வைக்கிறது. வேண்டிய வடிவத்துக்கு மாற்றுகிறது. அடுத்த இடத்துக்கு அனுப்புகிறது. முதலாவதில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சிக்கலெல்லாம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். இந்தப் பாதையில் எழும் பெரும்பாலான தலைவலிகளுக்குக் காரணம் ஒன்றே: மாற்றம் இரண்டு இடத்தில் நடந்திருக்கும், அல்லது எங்குமே நடந்திருக்காது. இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் ஏறக்குறைய இதற்கான விளக்கம்தான்.

எதை எதுவாக மாற்றுகிறோம்?

கணினிக்குள் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்தான்; எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்வது குறியீடு. நம் கணினிகள் ஆஸ்கி என்ற குறியீட்டையும் அதன் வழிவந்த யூனிகோடையும் பேசுகின்றன. ஐபிஎம் 1964-ல் சிஸ்டம்/360 என்ற மெயின்ஃப்ரேம் வரிசையை அறிவித்தபோது அதோடு வந்தது எப்சிடிக் என்ற வேறொரு குறியீடு. இன்றைய மெயின்ஃப்ரேம்களும் அதைத்தான் பேசுகின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்தின் முதல் எழுத்து ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. பூஜ்யம் அங்கே 48, இங்கே 240. இடைவெளி அங்கே 32, இங்கே 64.

கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நிறைய உதவும். ஆஸ்கியில் 64 என்பது மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறி. மெயின்ஃப்ரேமிலிருந்து வந்த ஃபைலை நம் பக்கத்து எடிட்டரில் திறந்தால் குப்பைக்கு நடுவே @@@@ என்று வரிசை வரிசையாகத் தெரிந்தால், அது மாற்றப்படாத எப்சிடிக். அந்த @ எல்லாம் உண்மையில் வெற்றிடங்கள். ஃபைல் கெட்டுப்போகவில்லை, மாற்றம் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எப்சிடிக்கிலும் ஒரே வகை இல்லை. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைக்கு கோட் பேஜ் என்று பெயர்; கோட் பேஜ் 037, கோட் பேஜ் 1047 என்று பல உண்டு. எழுத்துகளும் எண்களும் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சதுர அடைப்புக்குறி 037-ல் 186, 187. 1047-ல் 173, 189. ஆவணம் முழுக்கச் சரியாக வந்து, சதுர அடைப்புக்குறிகள் மட்டும் வேறு ஏதோ குறியாக அச்சானால், அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் வெவ்வேறு கோட் பேஜை நம்பியிருக்கிறார்கள். சோதனை ஆவணத்தில் சதுர அடைப்புக்குறி ஒன்று கட்டாயம் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த இரண்டு கோட் பேஜிலும் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான். லத்தீன் எழுத்துகளுக்கு மேல் அவற்றில் இடமில்லை. தமிழ் ஆவணத்தை இந்த வழியில் வெறும் எழுத்தாக அனுப்பினால் ஒவ்வோர் எழுத்தும் மாற்றுக்குறியாகிவிடும். தமிழ் போக வேண்டுமானால் எழுத்துருவோடோ, பக்கத்தின் படமாகவோதான் போக முடியும். அதற்கான வடிவத்தைச் சற்றுக் கழித்துப் பார்ப்போம்.

வரியின் முதல் இடத்தில் ஒளிந்திருக்கும் கட்டளை

எழுத்தை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. நம் கணினியில் உரை ஃபைல் என்பது ஒரு நீளமான பைட் ஓட்டம். வரி முடியும் இடத்தில் ஒரு வரிமுடிவுக் குறி இருக்கும். மெயின்ஃப்ரேமின் அச்சுத் தரவு அப்படிப்பட்டது அல்ல. அது ரெக்கார்டுகளின் தொகுப்பு, ஒரு வரிக்கு ஒரு ரெக்கார்டு. வரிமுடிவுக் குறி என்ற ஒன்றே அங்கே தேவையில்லை.

வரிக்கு எத்தனை எழுத்து? பழைய வரி பிரிண்டர்கள், உதாரணமாக 1959-ல் வந்த ஐபிஎம் 1403, ஒரு வரியில் 132 எழுத்து அடித்தன. அந்தக் கணக்கு இன்னும் நிற்கிறது. ஆனால் ரெக்கார்டின் நீளமாக 133 என்று கொடுத்திருப்பார்கள். அந்தக் கூடுதல் ஒன்று, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நிற்கும் காகித நகர்த்தல் கட்டளை. அது அச்சாகாது. அங்கே வெற்றிடம் இருந்தால் ஒரு வரி இறங்கு. 0 இருந்தால் இரண்டு வரி இறங்கு. - இருந்தால் மூன்று வரி. + இருந்தால் இறங்காமல் முந்தைய வரியின் மேலேயே அடி. 1 இருந்தால் புதுப் பக்கத்துக்குப் போ.

இது தெரியாமல் சாதாரண உரை ஃபைலை அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

1250.00

மெயின்ஃப்ரேம் முதல் எழுத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. 1 என்றால் புதுப் பக்கம். ஆக, காகிதம் அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது; அங்கே அச்சாவது 250.00. ஆயிரம் ரூபாயோ டாலரோ, சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. எங்கும் பிழைச் செய்தி வராது. வெற்றிடத்தோடு தொடங்கும் வரிகள் சரியாகவே இருப்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். அச்சு மொத்தமாகக் குப்பையாக வந்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். இப்படி ஓர் இலக்கம் மட்டும் குறைந்து வருவதுதான் ஆபத்து.

ஆகவே உரைக்கான மாற்றி மூன்று காரியம் செய்ய வேண்டும். ஆஸ்கியை எப்சிடிக் ஆக்க வேண்டும். வரிமுடிவுகளை எடுத்துவிட்டு வரிகளை ரெக்கார்டுகளாக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நகர்த்தல் கட்டளையைச் சேர்க்க வேண்டும். பக்க முறிவுக் குறி (ஆஸ்கியில் 12) வந்தால் அதை நீக்கி, அடுத்த வரியின் தலையில் 1 போட வேண்டும். 132-ஐத் தாண்டும் வரியை வெட்டுவதா மடக்குவதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது நல்லது.

பக்கமாகப் போகும்போது

லோகோ, தடித்த எழுத்து, அட்டவணை, தமிழ் எல்லாம் வேண்டுமென்றால் வெறும் உரை போதாது. மெயின்ஃப்ரேம் அச்சு உலகின் பக்க வடிவம் ஏஎஃப்பி. இதற்கு பிடிஎஃப்பின் வேலைதான் என்றாலும் கட்டமைப்பு வேறு. இது சிறு சிறு துண்டுகளின் தொடர்: ‘ஆவணம் தொடங்குகிறது’, ‘பக்கம் தொடங்குகிறது’, ‘இங்கே இந்த எழுத்துரு’, ‘பக்கம் முடிகிறது’ என்று வரிசையாகப் போகும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் 90 என்ற பைட் நிற்கும். அதை அடுத்து இரண்டு பைட்டில் நீளம், மூன்று பைட்டில் அது என்ன துண்டு என்ற அடையாளம். அடையாளத்தின் முதல் பைட் எப்போதும் 211.

ஆவணத் தொடக்கத் துண்டு ஒன்றை பைட் பைட்டாகப் பார்த்தால் வழக்கமாக இப்படித் தெரியும்: 90, 0, 16, 211, 168, 168. இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது எந்த மானுவலையும்விட உதவும். காரணம் சொல்கிறேன். ஏஎஃப்பி ஃபைல் ஏற்கெனவே மெயின்ஃப்ரேம் மொழியில்தான் இருக்கிறது. அதை வழியில் யாரோ ‘உரை’ என்று தப்பாக நினைத்து, இன்னொரு முறை ஆஸ்கியிலிருந்து எப்சிடிக்குக்கு மாற்றினால்? ஆஸ்கியில் 90 என்பது ஆங்கிலப் பெரிய எழுத்தின் கடைசி எழுத்து. எப்சிடிக்கில் அதற்கு எண் 233. ஆக, மறுமுனைக்கு வந்த ஃபைல் 90-க்குப் பதில் 233-ல் தொடங்கினால், இரண்டாவது மாற்றம் நடந்துவிட்டது என்று அடித்துச் சொல்லலாம். பிரிண்டரையோ எழுத்துருவையோ குறை சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். கியூ அமைப்பில் எங்கோ ‘உரை’ என்று டிக் ஆகியிருக்கிறது, அதைத் தேடுங்கள்.

அளவையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 66 வரி கொண்ட ஓர் உரைப் பக்கம், வரிக்கு 133 பைட் என்றால், 8,778 பைட். அதே பக்கத்தை ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கறுப்பு வெள்ளைப் படமாக்கினால் 2,480-க்கு 3,508 புள்ளி. சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 10.9 லட்சம் பைட். சுமார் 124 மடங்கு! படத்தைச் சுருக்கி அனுப்ப வழி உண்டு, அனுப்பத்தான் வேண்டும். ஆனாலும் எழுத்தை எழுத்தாகவே அனுப்ப முடிகிற இடத்தில் படமாக அனுப்புவது வீண். படமாகிவிட்டால் காப்பகத்தில் அதற்குள் தேடவும் முடியாது. எழுத்துருவை ஆவணத்தோடு சேர்த்து அனுப்புங்கள். மெயின்ஃப்ரேமின் எழுத்துரு நூலகத்தில் அது இருக்கும் என்ற நம்பிக்கையில் அனுப்பினால், அது இல்லாத நாளில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும், அல்லது அச்சே நின்றுவிடும்.

மாற்றியை எங்கே வைப்பது?

மூன்று இடம் உண்டு. பயனர் கணினியிலேயே ஏஎஃப்பி டிரைவர் போடலாம்: அச்சுக்குப் போகும்போதே ஏஎஃப்பியாக வெளியே வரும். சில கணினிகள் மட்டும் என்றால் சரி. நூற்றுக்கணக்கில் என்றால் யார் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று கண்காணிப்பதே ஒரு தனி வேலையாகிவிடும். அல்லது மெயின்ஃப்ரேமிலேயே மாற்றலாம். ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் இயக்க மென்பொருளான இசட்/ஓஎஸ்ஸில் இன்ஃபோபிரிண்ட் சர்வர் என்ற பகுதி நெட்வொர்க்கிலிருந்து அச்சு வேலைகளை வாங்கி, ஸ்பூலை நிர்வகிக்கும் ஜெஸ் என்ற பகுதியின் ஸ்பூலில் போடுகிறது. பிடிஎஃப்பை ஏஎஃப்பியாக்கும் மாற்றிகளை அதோடு இணைக்க முடியும். ஆனால் மெயின்ஃப்ரேமின் ஒவ்வொரு நொடியும் காசு. அங்கே ஒரு சின்ன மாற்றம் செய்யவும் இன்னொரு குழுவின் அனுமதி வேண்டும்.

என் தேர்வு நடுவே ஒரு லினக்ஸ் சர்வர். பயனர்கள் அதற்கு பிடிஎஃப்பாகவோ போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு பக்க வடிவமாகவோ அனுப்புகிறார்கள். அது மாற்றி மெயின்ஃப்ரேமுக்கு அனுப்புகிறது. மூல ஃபைல், மாற்றிய ஃபைல் இரண்டும் அங்கே கையில் இருக்கும். ‘நான் அனுப்பியது சரியாகத்தான் இருந்தது’ என்று இரண்டு தரப்பும் சொல்லும்போது, திறந்து காட்ட நடுவில் ஓர் இடம் வேண்டும் அல்லவா?

அங்கே வழக்கமாக இருப்பது கப்ஸ் என்ற அச்சு மென்பொருள். அதில் ஒரு கியூவை உருவாக்கும்போது சொல்ல வேண்டியவை இரண்டு: ஆவணத்தை எந்த ஃபில்டர் வழியாக விடுவது, எந்த முகவரிக்கு அனுப்புவது. ஃபில்டர் என்பது ஒரு சாதாரண நிரல்தான். வேலை எண், பயனர் பெயர், தலைப்பு, பிரதிகள், விருப்பங்கள் ஆகியவற்றை இந்த வரிசையில் கப்ஸ் அதற்குக் கொடுக்கும். ஆவணத்தை வாங்கி, மாற்றியதை வெளியே விடுவது அதன் பொறுப்பு. உள்ளே வரும் ஆவணம் ஏற்கெனவே ஏஎஃப்பியாக இருந்தால் ஃபில்டர் எதையும் தொடக்கூடாது. அதற்குத் தனியாக, எந்த மாற்றமும் செய்யாத ‘ரா’ கியூ ஒன்றை வைத்து, வேறு பெயர் கொடுத்துவிடுங்கள். ஒரே கியூவே வருவதைப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று சிலர் விடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யூகிக்கிற கியூ ஒருநாள் தப்பாக யூகிக்கும்.

பிரதிகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். ஃபில்டர் மூன்று பிரதி செய்து அனுப்பி, மெயின்ஃப்ரேமும் ‘மூன்று பிரதி’ என்ற குறிப்பைப் படித்தால், ஒன்பது வரும்.

அனுப்பும் வழி

கியூவிலிருந்து மெயின்ஃப்ரேமுக்குப் போக இன்றும் அதிகம் புழங்குவது எல்பிஆர் என்ற பழைய நெறிமுறை. 1990-ல் ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். நெட்வொர்க்கில் அதற்கான வாசல், அதாவது போர்ட், எண் 515. அனுப்புகிற பக்கம் எல்பிஆர், வாங்குகிற பக்கம் எல்பிடி. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஃபைல் போகும். ஒன்று ஆவணம். இன்னொன்று கட்டுப்பாட்டு ஃபைல்: எந்தக் கணினி, எந்தப் பயனர், வேலையின் பெயர், ஆவணம் எந்த வகை என்று வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கும். வகைக்கு ஓர் எழுத்துதான். ‘எஃப்’ என்றால் உரை. ‘எல்’ என்றால் உள்ளே இருக்கும் பைட்டுகளில் கைவைக்காமல் அப்படியே விடு. ஏஎஃப்பிக்கு எப்போதும் ‘எல்’. விண்டோஸின் எல்பிஆர் கட்டளை, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் உரை என்றே எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன 233 பல இடங்களில் பிறப்பது இங்கேதான்.

ஒவ்வொரு ஃபைலையும் அனுப்பும் முன் அதன் நீளம் எத்தனை பைட் என்று சொல்லிவிட வேண்டும் என்பது நெறிமுறையின் விதி. விண்டோஸில் போர்ட் அமைப்புக்குள் ‘எல்பிஆர் பைட் கவுண்டிங்’ என்ற பெட்டி இருப்பது இதற்காகத்தான். அது அணைந்திருந்தால் விண்டோஸ் உண்மையான நீளத்தைச் சொல்லாமல் அனுப்பும். பெரும்பாலான பிரிண்டர்கள் பொறுத்துக்கொள்ளும். மெயின்ஃப்ரேம் பக்கம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க வேண்டாம், பெட்டியில் டிக் போட்டுவிடுங்கள்.

கியூவின் பெயரைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறாமல், மெயின்ஃப்ரேம் குழு கொடுத்தபடியே அடியுங்கள். அந்தப் பெயருக்குப் பின்னால்தான் அவர்கள் எல்லாவற்றையும் கட்டி வைத்திருப்பார்கள்: எந்த வெளியீட்டு வகுப்பு (வேலையை அச்சிடுவதா, நிறுத்தி வைப்பதா என்பது போன்ற பிரிவு), எந்தத் தட்டிலிருந்து காகிதம், ஒருபக்கமா இருபக்கமா என்று. எனவே நீங்கள் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய தகவல் அதிகமில்லை: சர்வர் முகவரி, கியூ பெயர், எதிர்பார்க்கும் வடிவம், உரை என்றால் கோட் பேஜ். அந்த எல்பிடி மாற்றம் எதையும் செய்கிறதா என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். ‘நாங்கள் தொடுவதே இல்லை’ அல்லது ‘நாங்கள்தான் மாற்றுகிறோம்’, இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் சரி. ‘தெரியவில்லை’ என்று வந்தால், வேலையைத் தொடங்க வேண்டாம்.

சின்ன எண்களாலும் சில தொல்லைகள் வரும். ஆர்எஃப்சி 1179-ன்படி அனுப்புகிறவர் தன் பக்கத்தில் 721 முதல் 731 வரையான போர்ட்களைத்தான் பயன்படுத்த வேண்டும். மொத்தம் பதினொன்று. ஒரு இணைப்பு முடிந்தபின் அந்த போர்ட் சிறிது நேரம் ஓய்வில் இருக்கும். அதனால் சின்னச் சின்ன வேலைகளை அடுத்தடுத்துக் கொட்டினால் பதினொன்றும் தீர்ந்து, அனுப்புதல் விட்டுவிட்டு நடக்கும். மெயின்ஃப்ரேம் பக்கம் இந்த வரம்பைக் கேட்கவில்லை என்றால் நாமும் திணிக்க வேண்டியதில்லை. கப்ஸ் தானாகத் திணிப்பதில்லை, தேவை என்றால் முகவரியின் வாலில் அந்த விருப்பத்தைச் சேர்க்கலாம். அதேபோல வேலை எண்ணுக்கு மூன்று இலக்கம்தான், 999-க்கு அப்புறம் திரும்பவும் முதலிலிருந்து. ஆக, ‘வேலை எண் 417 எங்கே?’ என்று கேட்பதில் பயனில்லை. ஆவணத்துக்கே உரிய ஓர் எண்ணை வேலையின் பெயரில் வைத்து அனுப்புங்கள். அதற்கு 99 எழுத்து வரை இடமுண்டு.

எல்பிஆரில் கடவுச்சொல்லும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. பயனர் பெயர் என்று நாம் எதை எழுதுகிறோமோ அதை அப்படியே நம்பும். எனவே நடு சர்வரின் முகவரியிலிருந்து மட்டும் 515 திறந்திருக்கும்படி ஃபயர்வாலில் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் இடையே பாதுகாப்பில்லாத நெட்வொர்க் இருந்தால் மறையாக்கப்பட்ட சுரங்கப்பாதை வழியாக விடுங்கள்.

சோதிப்பதும், தோற்றால் செய்வதும்

முதல் சோதனையைக் காகிதத்துக்கு விடாதீர்கள். மெயின்ஃப்ரேமில் அச்சாகாமல் நிறுத்தி வைக்கும் வெளியீட்டு வகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்கு அனுப்புங்கள். ஸ்பூலில் உள்ளதைப் பார்க்க உதவும் எஸ்டிஎஸ்எஃப் திரையில் அவர்கள் திறந்து பார்த்துச் சொல்வார்கள். சோதனை ஆவணத்தில் 132 எழுத்துள்ள ஒரு வரி, அதைவிட நீளமான ஒரு வரி, 1-ல் தொடங்கும் ஒரு வரி, சதுர அடைப்புக்குறி, ஒரு பக்க முறிவு ஆகியவை இருந்தால் உரைப் பாதையில் வரக்கூடிய பிழைகளில் முக்கால்வாசி அங்கேயே சிக்கிவிடும். ஏஎஃப்பி என்றால் அங்கே வந்து சேர்ந்த ஃபைலின் முதல் ஆறு பைட்டைக் கேளுங்கள்.

கியூ ‘முடிந்தது’ என்று காட்டினால் அச்சாகிவிட்டது என்று பொருள் இல்லை. ஃபைலை வாங்கிக்கொண்டதும் எல்பிடி பூஜ்யம் என்ற ஒற்றை பைட்டைப் பதிலாகத் தருகிறது. அது வந்ததும் நம் கியூ வேலையை மூடிவிடுகிறது. வாங்கியாயிற்று என்பதற்கு மேல் அந்த பைட்டில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஸ்பூலில் என்ன நடந்தது என்பது ஜெஸ்ஸுக்குத்தான் தெரியும்.

அந்தப் பதில் வராமல் போனால்? மெயின்ஃப்ரேம் பராமரிப்புக்காக நிற்கும் நேரங்கள் உண்டு. அதற்காக ஒவ்வொரு முறையும் கியூ முடங்கி யாரோ வந்து தட்டி எழுப்ப வேண்டிய நிலை வேண்டாம். கப்ஸில் கியூவின் பிழைக் கொள்கையை ‘மீண்டும் முயல்’ என்று வைக்கலாம். கடிதம், அறிக்கை போன்றவற்றுக்கு அதுவே சரி. ஆனால் ஆவணம் முழுதாகப் போய்ச் சேர்ந்து, பதில் பைட் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், மறுமுயற்சியில் அதே ஆவணம் இரண்டாவது முறை போகும். கடிதம் இரண்டு வந்தால் வாடிக்கையாளர் ஒன்றைக் கிழித்துப் போடுவார். காசோலை அப்படியல்ல. காசோலை போகும் கியூவைத் தனியாகப் பிரித்து, தோற்றால் நின்றுவிடும்படி வைத்து, ஆள் பார்த்து, வேலையின் பெயரில் உள்ள எண்ணை ஸ்பூலில் தேடி, இல்லை என்று உறுதியான பிறகே மறுபடி விடுங்கள்.